நைனாவின் பென்டாக்ஸ் கே 1000: லைட் மீட்டர் முள் அசையவில்லை, காதுகுத்துக்குள் தேறுமா?

கல்மண்டபம்காரி:

வணக்கம். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். பழைய ஃபிலிம் கேமரா பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்கள் நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். 1986-ல் போனஸ் வந்த கையோடு பர்மா பஜாருக்குப் போய் இந்த கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். முகப்பில் 'பென்டாக்ஸ்' என்று இருக்கிறது, பக்கத்தில் 'கே 1000'. லென்ஸ் 50 எம்.எம்., எஃப்/2. எங்கள் வீட்டு ஆல்பம் மூன்றும் இதில் எடுத்ததுதான். நான் ஸ்கூல் யூனிஃபார்மில் ராயபுரம் ஸ்டேஷன் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பது, தம்பிக்கு மொட்டை அடித்தது, பாட்டி கருவாடு காயவைப்பது, எல்லாமே. அப்புறம் டிஜிட்டல் வந்தது, இது லெதர் உறையோடு பீரோவுக்குள் போனது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அடுத்த மாதம் என் பொண்ணுக்குக் காதுகுத்து. மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுச் செய்கிறோம். நைனாவுக்கு 74 வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாகப் பார்க்கிறார். "பேத்தி காதுகுத்தை நான்தான் எடுப்பேன். பொட்டியை வெளிய எடு" என்கிறார். போனில் எடுக்கலாம் என்றால் முகம் வாடிவிடுகிறது.

இப்போது நிலவரம் இதுதான். லீவரை இழுத்தால் வருகிறது, பட்டனை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வருகிறது. உள்ளே பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு முள் இருக்கிறது, அது அசையவே இல்லை. அடியில் இருக்கும் பேட்டரி மூடி திருகினாலும் திரும்பவில்லை. ஒரு தடவை அழுத்தினபோது வியூ ஃபைண்டர் முழுக்க இருட்டாகி நின்றுவிட்டது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியானது. பின்மூடி ஓரத்தில் தார் மாதிரி கறுப்பாக ஏதோ பிசுபிசுக்கிறது. லென்ஸுக்குள் மெல்லிய நூல் மாதிரி இரண்டு கோடு. லீவர் பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் 23 என்று காட்டுகிறது.

ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கையில்கூட வாங்காமல், "இதுக்கு பார்ட்ஸ் கிடைக்காது, ஷோகேஸ்ல வைங்க" என்று சொல்லிவிட்டார். மனசு கேட்கவில்லை. இன்று சாயங்காலம் பின்மூடியைத் திறந்து நானே சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறேன். எந்த வளையம் எதற்கு என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். நைனா கை வைக்கும் முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.


தண்டையார்பேட்டை_டைலர்:

சிஸ்டர், இருபது வருஷம் சும்மா கிடந்தால் எந்த மெஷினும் இறுகித்தான் போகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு லீவர் இடுக்கிலும், பட்டன் பக்கத்திலும் விட்டு நாலு தடவை இழுத்து விடுங்கள். என் மெஷின் அப்படித்தான் முப்பது வருஷமாக ஓடுகிறது. பின்மூடியைத் திறந்து உள்ளேயும் ஒரு சொட்டு விடலாம்.


பழைய_வண்ணை_ஸ்டூடியோ:

அம்மா, இதைப் படித்ததும் அவசரமாக எழுதுகிறேன். பின்மூடியைத் திறக்காதீர்கள். எண்ணெயும் விடாதீர்கள்.

முதலில் மூடி விஷயம். அந்தக் கண்ணாடியில் 23 என்று நிற்பதாகச் சொன்னீர்கள் இல்லையா? இந்த கேமராவில் பின்மூடியைத் திறந்த உடனே அந்த எண் தானாகத் தொடக்கத்துக்குப் போய்விடும். 23-லேயே நிற்கிறது என்றால், அத்தனை தடவை லீவர் இழுத்த பிறகு மூடி திறக்கப்படவில்லை என்று அர்த்தம். உள்ளே ரோல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரோல் இல்லாமல் சும்மா இழுத்திருந்தாலும் எண் ஏறும் என்பதால் இன்னொரு சோதனை செய்துவிடுங்கள். மேலே இடது கைப் பக்கம் ஒரு குமிழ் இருக்கும், அதில் மடிந்து கிடக்கும் சின்னக் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றிக்கொண்டே போனால் உள்ளே காலி. கொஞ்சம் சுற்றினதும் இறுகி நின்றால் ரோல் இருக்கிறது, அதற்கு மேல் திருகாதீர்கள். அந்தக் குமிழை மேலே மட்டும் இழுத்துவிடாதீர்கள், இழுத்தால் மூடி திறந்துகொள்ளும். வெளிச்சம் உள்ளே போன அந்த நொடியே உங்கள் நைனா எடுத்தது போய்விடும்.

எண்ணெய் சொன்ன தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தையல் மெஷினில் வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்துவிடலாம். இதற்குள் பட்டனை அழுத்தினால் திறந்து மூடும் ஷட்டர் என்பதே துணி. ரப்பர் பூசிய பட்டுத் துணி, இரண்டு திரை, படுக்கைவாட்டில் ஓடும். அதில் எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும், திரை இழுக்கும், அப்புறம் எந்த ஸ்பீடும் நம்ப முடியாது. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையைப் பெரிதும் சிறிதுமாக்கும் அப்பெர்ச்சர் தகடுகளில் பரவினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்படி எண்ணெய் விட்டுக் கொண்டுவந்த கேமராக்களை எங்கள் ஸ்டூடியோ பெஞ்சில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் 1979-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்தேன். எட்டு வருஷம் கழித்து எனக்கென்று வாங்கின முதல் கேமரா இதே கே 1000. ஆகையால் இதைப் பற்றிக் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுமையாகப் படியுங்கள்.

பென்டாக்ஸ் 1975-ல் கே வரிசையில் மூன்று கேமரா கொண்டுவந்தது: கே 2, கே எக்ஸ், கே எம். அதில் கே எம்-இலிருந்து தன்னைத்தானே எடுக்கும் டைமரையும், அப்பெர்ச்சரை முன்கூட்டியே சுருக்கிப் பார்க்கும் லீவரையும் கழற்றிவிட்டு, 1976-ல் மலிவாக விட்டதுதான் கே 1000. 1997 வரை விற்றார்கள். முதலில் ஜப்பானில் செய்தார்கள், அப்புறம் ஹாங்காங், கடைசியில் சீனா. முகப்பில் 'அசாஹி பென்டாக்ஸ்' என்று இருந்தால் முந்திய உருப்படி. உங்களுடையதில் வெறும் 'பென்டாக்ஸ்' என்பதால் பிந்தியது. படம் எடுக்கிற வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த கேமராவுக்குப் படம் எடுக்க பேட்டரி தேவையே இல்லை. இதைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். ஒரு விநாடியிலிருந்து 1/1000 விநாடி வரை எல்லாமே பேட்டரி இல்லாமல் ஓடும். பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டரின் அந்த முள்ளுக்கு மட்டும்தான். முள் செத்துப்போனால் வெளிச்சத்தை நாம் கண்ணால் அளந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முள் ஏன் சாகிறது என்றால், பெரும்பாலும் பழைய பேட்டரி கசிந்திருக்கும். மூடி திரும்பாததும் அதனால்தான். பலம் போட்டுத் திருகாதீர்கள், அந்த நாணயக் காடி வழுக்கிப் போனால் வேலை பெரிதாகிவிடும். காது குடையும் பட்ஸில் வெள்ளை வினிகரைத் தொட்டு மூடி விளிம்பைச் சுற்றி ஈரமாக்குங்கள். சொட்டக் கூடாது, ஈரம் மட்டும். கால் மணி நேரம் விட்டு, காடிக்குச் சரியாகப் பொருந்துகிற நாணயத்தை வைத்து நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அதே வினிகர் பட்ஸ் போதும். பேட்டரிக் கசிவு காரம், வினிகர் அமிலம், கரைத்துவிடும். அப்புறம் சுத்தமான ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள். கடிகாரக் கடையில் எஸ்.ஆர். 44 என்று கேட்டு வாங்குங்கள். எல்.ஆர். 44-உம் பொருந்தும், ஆனால் அது தீரத் தீர வோல்டேஜ் இறங்கும், மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். எஸ்.ஆர். கடைசி வரை ஒரே அளவு கொடுக்கும்.

இந்த மீட்டருக்கு ஆன், ஆஃப் சுவிட்ச் கிடையாது. லென்ஸில் வெளிச்சம் விழுந்தால் விழித்துக்கொள்ளும், மூடி போட்டால் தூங்கும். அதனால் கையில் இல்லாத நேரமெல்லாம் லென்ஸ் மூடி போட்டே இருக்க வேண்டும்.

வியூ ஃபைண்டர் இருட்டானது எதனால் என்று சொல்கிறேன். லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து ஒரு கண்ணாடி இருக்கிறது. அதுதான் காட்சியை மேலே அனுப்புகிறது. கேமரா உச்சியில் கூரை மாதிரி மேடாக இருக்கிறதே, அதற்குள் இருக்கும் ஐந்து பக்கப் பட்டகம் இடவலம் மாறாமல் நேராக்கி உங்கள் கண்ணுக்குக் கொடுக்கிறது. பட்டனை அழுத்தும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், திரை ஓடும், கண்ணாடி திரும்ப விழும். மேலே அது இடிக்கும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்சு பட்டை வைத்திருப்பார்கள். வருஷமாக ஆக அந்த ஸ்பாஞ்சு உருகிக் கோந்து மாதிரி ஆகிவிடும். கண்ணாடி போய் அதில் ஒட்டிக்கொண்டது, அதனால்தான் இருட்டு. பின்மூடி ஓரத்தில் பிசுபிசுப்பதும் அதே ஸ்பாஞ்சுதான்.

அந்தக் கண்ணாடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்னால் இருக்கும், இதற்கு முன்பக்கமே இருக்கிறது. முந்தானையால் ஒரு தடவை துடைத்தால்கூடக் கீறல் விழும்.

லென்ஸில் நூல் மாதிரி தெரிவது பூஞ்சை. நாம் இருப்பது கடலோரம், லெதர் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஓரத்தில் இரண்டு கோடு என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது. இனிமேல் உறையில் வைக்காமல், இறுக்க மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள்.

முதலில் அந்தக் குமிழைச் சுற்றிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.


கல்மண்டபம்காரி:

ஐயா, கோடி நன்றி. குமிழைச் சுற்றினேன், கால் சுற்றிலேயே இறுகிவிட்டது. ரோல் இருக்கிறது!

நைனாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்குப் போட்டது. வடிவுடையம்மன் தேர் எடுத்தேன். மீதியை எடுக்கவே இல்ல" என்றார். எந்த வருஷம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. கலர் ரோல்தான் என்கிறார். ஷட்டர் வளையத்துக்குள் இருக்கும் சின்னச் சன்னலில் 100 என்று இருக்கிறது.

இதை எப்படி வெளியே எடுப்பது? எடுத்தால் படம் வருமா?


காசிமேடு_400:

அக்கா, ரோல் பற்றி நான் சொல்கிறேன். நான் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தை ஃபிலிமில் எடுக்கிறவன், காலாவதியான ரோல்கள் கொஞ்சம் கழுவியிருக்கிறேன்.

கேமராவின் அடிப்பக்கம் சின்ன பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்திவிட்டு, கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். ரொம்ப ரொம்ப மெதுவாக. இருபது வருஷம் ஒரே வளைவில் சுருண்டு கிடந்த ஃபிலிம் காய்ந்த இலை மாதிரி, அவசரப்பட்டால் ஓரத்துத் துளைகள் கிழியும். சுற்றச் சுற்ற ஒரு இறுக்கம் இருந்துகொண்டே இருக்கும், கடைசியில் 'படக்' என்று விட்டுப்போன மாதிரி கைக்குத் தெரியும். அதற்கு அப்புறமும் பத்து சுற்று சுற்றிவிட்டு, இருட்டு அறையில் குமிழை மேலே இழுத்துத் திறங்கள்.

கலர் நிஜமாக வருமா என்று கேட்டால், எதிர்பார்க்காதீர்கள். பீரோ சூட்டில் மூன்று வண்ண அடுக்கும் வெவ்வேறு வேகத்தில் கெட்டிருக்கும். இந்த மாதிரி ரோலைக் கறுப்பு வெள்ளை கெமிக்கலில் கழுவினால் வண்ணம் கிடைக்காது, ஆனால் உருவம் கிடைக்க வாய்ப்பு அதிகம். லேபில் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதி டப்பாவோடு ஒட்டிக் கொடுங்கள். வழக்கமான ரோல்களோடு சேர்த்து மெஷினில் விட்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.


கல்மண்டபம்காரி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ரோல் வந்துவிட்டது. குளியலறையில் விளக்கை அணைத்து, கதவிடுக்கில் போர்வை அடைத்து எடுத்தேன். இப்போது டப்பாவில் பேர் எழுதி வைத்திருக்கிறேன், காதுகுத்து ரோலைக் கொடுக்கும்போது இதையும் சீட்டு ஒட்டித் தனியாகக் கழுவக் கொடுப்பேன்.

பேட்டரி மூடி இரண்டாவது நாள் வினிகரில் திறந்தது. உள்ளே முழுக்கப் பச்சை. துடைத்து, புது எஸ்.ஆர். 44 போட்டு, லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பினேன். முள் மேலே துள்ளியது! நைனாவிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "வேலை செய்யுது" என்று மட்டும் சொல்லி அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

ஸ்பாஞ்சுப் பிசினைப் பல் குத்தும் குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் எடுத்துவிட்டேன். கண்ணாடியைத் தொடவில்லை. இப்போது ஸ்பாஞ்சு இருந்த காடி காலியாக இருக்கிறது, அங்கே என்ன வைப்பது? இன்னொன்று, பின்மூடியைத் திறந்து வைத்து வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு ஸ்பீடாக அழுத்தினேன். 1 விநாடிக்கு வைத்தால் 'ர்ர்ர்ர்' என்று இழுத்துக் கிட்டத்தட்ட இரண்டு விநாடி ஆகிறது. 1/1000-ல் ஒரு ஓரம் இருட்டாகவே தெரிகிறது. இது பெரிய பழுதா?


பழைய_வண்ணை_ஸ்டூடியோ:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. நீங்கள் பார்த்தது சரியான சோதனைதான்.

மெதுவான ஸ்பீடுகளுக்கு உள்ளே தனிப் பல்சக்கர வரிசை இருக்கிறது. அந்த 'ர்ர்ர்ர்' சத்தம் அதுதான். பழைய கிரீஸ் இறுகி அது சோம்பிக் கிடக்கிறது. 1/1000-ல் ஓரம் இருட்டாவதற்குக் காரணம் வேறு. அந்த வேகத்தில் இரண்டு திரையும் நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு ஒன்றையொன்று துரத்தி ஓட வேண்டும். முதல் திரை தளர்ந்துபோய் மெதுவாக ஓடினால் பின்னால் வருவது அதைப் பிடித்துவிடும், அந்த ஓரத்துக்கு வெளிச்சமே கிடைக்காது. இரண்டும் சர்வீஸில் சரியாகிற விஷயம். ஆனால் காதுகுத்துக்கு முன் யாரிடமும் கழற்றக் கொடுக்காதீர்கள், திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். உங்களுக்குத் தேவை 60, 125, 250 (அதாவது 1/60, 1/125, 1/250 விநாடி) மூன்றும்தான். அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுருக்கென்று கேட்க வேண்டும், படச் சட்டம் முழுக்க வெளிச்சம் தெரிய வேண்டும்.

காடிக்குக் கறுப்பு உல்லன் நூல் போதும். எம்.சி. ரோட்டில் பின்னல் நூல் விற்கும் கடையில் ஒரு உருண்டை வாங்கி, காடிக்குள் குச்சியால் அழுத்தி வையுங்கள். மேலும் கீழும் வைத்துவிட்டு, கீல் இருக்கும் பக்கத்தை மறந்துவிடாதீர்கள், வெளிச்சம் அதிகம் ஒழுகுவது அங்கேதான். கண்ணாடி இடிக்கும் இடத்துக்கு மெல்லிய கறுப்பு வெல்வெட் துண்டு ஒட்டினால் சரியாக இருக்கும்.

இனி வளையங்கள். நீங்கள் பார்த்த 100 என்பது ஃபிலிம் வேகம், அந்தக் காலத்தில் ஏ.எஸ்.ஏ. என்போம். ஷட்டர் வளையத்தின் வெளிவிளிம்பை மேலே தூக்கிச் சுற்றினால் மாறும். புது ரோல் போட்டதும் முதல் வேலை அதை மாற்றுவதுதான். லென்ஸில் கேமரா உடம்பை ஒட்டி இருப்பது அப்பெர்ச்சர் வளையம், 2-லிருந்து 22 வரை, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். முன்னால் அகலமாக இருப்பது ஃபோகஸ். இவற்றைத் திருப்பத் திருப்ப உள்ளே முள் ஏறி இறங்கும், அது நடு இடைவெளியில் வந்து நின்றால் மீட்டர் சொல்லும் அளவு சரி. என்ன ஸ்பீடில் இருக்கிறோம் என்பது வியூ ஃபைண்டருக்குள் தெரியாது, கண்ணை எடுத்து வளையத்தைப் பார்க்க வேண்டும்.

முள்ளை அப்படியே நம்பாதீர்கள். அது தெரிகிற காட்சி மொத்தத்தையும் சராசரி போடும், முகம் எது, வானம் எது என்று அதற்குத் தெரியாது. மொட்டை மாடியில் பிள்ளைக்குப் பின்னால் வானம் வந்தால் முள் வானத்துக்குப் பயந்து குறைத்துச் சொல்லும், பிள்ளை முகம் கரியாகிவிடும். எல்லாரும் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்தாலும் அதே கதைதான். அதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளை உட்காரும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை விரித்து, சட்டம் நிறைய வரும்படி கிட்டே வைத்து அளவு பாருங்கள். உள்ளங்கை மீட்டர் எதிர்பார்க்கும் நடுச் சாம்பல் நிறத்தைவிட ஒரு படி வெளிர், அதனால் முள் காட்டுவதிலிருந்து அப்பெர்ச்சரை ஒரு படி திறந்துவிடுங்கள். எஃப்/8 என்று காட்டினால் 5.6. அப்புறம் வெளிச்சம் மாறும் வரை முள்ளைப் பார்க்கவே வேண்டாம். நான் கல்யாண மேடையில் ஏறியதும் முதலில் செய்வது இதுதான்.

ஷாமியானா என்ன நிறம்? சிவப்பும் நீலமும் கலந்தது போட்டால் அந்தச் சாயம் எல்லார் முகத்திலும் இறங்கும். காதுகுத்தும் இடத்துக்கு மேல் மட்டுமாவது வெள்ளைத் துணி போடச் சொல்லுங்கள். காலை 9 மணி வெயிலில் வெள்ளைத் துணிக்கு அடியில், 200 ரோலில், எஃப்/5.6-லேயே 1/250 கிடைக்கும். பிள்ளை திமிறும், அழும், 1/250 இருந்தால் கண்ணீர்த் துளிகூட நின்று பதியும். மாடி வெயிலில் நேராக எடுப்பதென்றால் எஃப்/16, 1/250.

ஃபிளாஷ் அடித்தால் 60-க்கு மேல் போகாதீர்கள். இரண்டு திரையும் முழுச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பது 1/60 வரைதான். 125-ல் ஃபிளாஷ் அடித்தால் படத்தில் ஒரு பக்கம் கறுப்பாக வரும்.

ஃபோகஸ் பற்றி ஒன்று. வியூ ஃபைண்டரில் நாம் பார்ப்பது எப்போதுமே எஃப்/2-ல் திறந்திருக்கும் காட்சி, பட்டனை அழுத்தும் நொடியில்தான் அப்பெர்ச்சர் நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். பத்தர் கையும் பிள்ளை காதும் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், எஃப்/4-ல் மொத்தம் பத்து சென்டிமீட்டர்தான் துல்லியமாக வரும், 8-ல் இருபதுக்குக் கிட்டே. காதுக்கு ஃபோகஸ் வைத்தால் தாய்மாமன் முகம் மங்கலாகலாம். நைனா எது வேண்டும் என்று முன்னாடியே முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.

கடைசியாக ரோல் போடுவது. இதை என் வாழ்க்கையிலிருந்து சொல்கிறேன். 1988-ல் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். அவசரத்தில் ரோல் போட்டு மூடினேன், முகூர்த்தம் முழுக்க எடுத்தேன். எண் 36 தாண்டியது, 38 ஆனது, 40 ஆனது, லீவர் நிற்கவே இல்லை. அப்போதுதான் அடிவயிறு கலங்கியது. ஃபிலிம் நாக்கு உருளைக் காடியில் மாட்டவே இல்லை, நான் எடுத்த அத்தனையும் காற்று. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுபடி பட்டு உடுத்தச் சொல்லி உட்கார வைத்தார். மாலை மாற்றுவது, மெட்டி போடுவது எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். தாலி கட்டுவது மட்டும் அந்த ஆல்பத்தில் இல்லை. மறுபடி கட்டச் சொல்ல என் வாய் வரவில்லை.

அதிலிருந்து, மூடியை மூடினதும் தளர்ச்சியைச் சுற்றி இறுக்கிவிட்டு, லீவர் இழுக்கும்போது இடது பக்கக் குமிழைப் பார்ப்பேன். அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் அது திரும்ப வேண்டும். திரும்பினால் ஃபிலிம் ஓடுகிறது. திரும்பாவிட்டால் யார் மேடையில் காத்திருந்தாலும் சரி, திறந்து மறுபடி போட வேண்டும். நைனாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.


தண்டையார்பேட்டை_டைலர்:

ஐயா, எண்ணெய் சொன்னதற்கு வருந்துகிறேன். துணியில் ஓடும் ஷட்டர் என்று தெரியாது. சிஸ்டர், வெள்ளைத் துணி என்னிடம் பெரிய அகலத்தில் இருக்கிறது. ஷாமியானாவுக்கு அடியில் கட்ட நாலு முழம் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.


காசிமேடு_400:

ரோல் 200 போதும் அக்கா. ஒன்று எடுத்துச் சோதனை பண்ணிவிட்டு அன்றைக்குப் புது ரோல் போடுங்கள். நூல் வைத்த இடத்தில் வெளிச்சம் ஒழுகினால் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடாகத் தெரியும், அதை முன்னாலேயே பார்த்துவிடலாம்.


கல்மண்டபம்காரி:

நாளைக் காலை காதுகுத்து. எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

சோதனை ரோலை நைனாவே கல்மண்டபம் மார்க்கெட்டில் எடுத்தார். 36-ல் ஐந்தாறு ஃபோகஸ் தவறியது, மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆரஞ்சுக் கோடு ஒன்றிலும் இல்லை. டைலர் அண்ணன் கொடுத்த வெள்ளைத் துணியை இன்று சாயங்காலம் மாடியில் கட்டிப் பார்த்தோம், பத்தர் உட்காரும் இடம் சரியாக அதன் அடியில் வருகிறது. தம்பிதான் தாய்மாமன். நைனா அவனை மனையில் உட்கார வைத்து, மடியில் தலையணையைக் கொடுத்து, மூன்று பக்கமிருந்தும் ஃபோகஸ் பார்த்துவிட்டு, "காது. மாமன் மூஞ்சி மங்கினா பரவால்ல" என்று முடிவு செய்துவிட்டார்.

இப்போது புது ரோலைக் கையில் கொடுத்தேன். ஐயா எழுதியதைப் படித்துக் காட்ட போனை எடுத்து அந்தப் பதிவைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் நாக்கைக் காடியில் செருகி, மூடியை மூடி, கைப்பிடியைச் சுற்றித் தளர்ச்சியை எடுத்துவிட்டார். இடது கைக் கட்டை விரலைக் குமிழின் மேல் லேசாக வைத்துக்கொண்டு லீவரை இழுத்தார். விரலுக்கு அடியில் குமிழ் திரும்பியது.

"ஏறிடுச்சு" என்றார்.